பைல்ல தப்பா எழுதிட்டாங்க, யார்கிட்ட கேக்கறது?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் பினாங்கு ஜெலுத்தோங்ல இருக்கேன். போன வருஷம் ஆஸ்துமா ரொம்ப மோசமாகி பிரெட்னிசோலோன் மாத்திரை குடுத்தாங்க, நாலஞ்சு நாள்ல தூக்கமே போச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்ட கழுவிட்டிருக்கேன், பேச்சு நிக்கல, காசு கண்டபடி செலவு. அண்ணன்தான் பிரைவட் ஹோஸ்பிட்டல்ல சேர்த்தாரு. அந்த மாத்திரைய குறைச்சு நிறுத்தினதும் சரியாயிட்டேன், இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுமில்ல. இப்ப பாயான் லெப்பாஸ்ல பேக்டரி வேலைக்கு மெடிக்கல் செக்கப் போகணும், பழைய ரிப்போர்ட்ட எடுத்துப் பார்த்தா 'பைபோலார்'னு, அதான் மனநிலை ரொம்ப ஏறி இறங்கற நோய்னு போட்டிருக்கு. இத அழிக்க முடியுமா? கம்பெனிக்கு தெரிஞ்சிடுமா?

பதில்: தங்கச்சி, அழிக்கச் சொல்லி கேக்காதீங்க, திருத்தச் சொல்லி கேளுங்க. பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு மாத்திரையால மேனியா, அதாவது உங்களுக்கு வந்த மாதிரி தூக்கமில்லாம ஓவர் வேகத்துல ஓடற நிலை, வர்றது டாக்டர்களுக்கு நல்லா தெரிஞ்ச விஷயம், மருந்து நின்னதும் அது முழுசா அடங்கிட்டா அத வச்சு பைபோலார்னு முடிவு பண்றதில்ல. ஆனா உங்க விஷயத்துல அதுதான் நடந்துச்சான்னு ஒரு சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர்தான் சொல்லணும், நான் இல்ல. நடந்தத மொத்தமா அழிச்சிட்டா நாளைக்கு திரும்ப மூச்சு முட்டி எமர்ஜென்சிக்கு போறப்ப இந்தப் பொண்ணுக்கு இந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு யாருக்குமே தெரியாம போயிடும், அது இத விட ஆபத்து.

முதல்ல டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது, வார்டு நோட்ஸும் காப்பி கேளுங்க. சில சமயம் சேர்த்த அன்னிக்கு டாக்டர் சந்தேகத்துல 'பைபோலார்'னு எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருப்பாரு, அதப் பார்த்து சம்மரி டைப் பண்றப்ப கேள்விக்குறி மட்டும் விட்டுப்போகும். உங்க நோட்ஸ்ல அப்படி இருந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அத எடுத்துக்கிட்டு, மாத்திரை எந்த தேதி ஆரம்பிச்சீங்க, எப்ப நிறுத்தினீங்க, எப்ப தூக்கம் வந்துச்சுன்னு ஒரே தாள்ல எழுதி, அதே டாக்டரையோ வேற சைக்கியாட்ரிஸ்டையோ பார்த்து மறுபடி அசஸ் பண்ணி லெட்டர் வாங்குங்க.

பிரைவட் ஹோஸ்பிட்டல்ங்கறதால மலேசியாவோட 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதான் பிடிபிஏ, உங்க பக்கம் இருக்கு. 30வது பிரிவுல பார்க்கற உரிமை, 34வது பிரிவுல திருத்தச் சொல்ற உரிமை. கவுண்டர்ல வாயால கேட்டுட்டு வந்துடாதீங்க, எழுத்துல குடுத்து 'ரிசீவ்ட்'னு சாப், அதான் முத்திரை, வாங்குங்க. 21 நாள்ல அவங்க பதில் சொல்லணும், முடியலன்னா காரணம் எழுதிக் குடுத்து இன்னும் 14 நாள் வரைக்கும் எடுத்துக்கலாம். நோய் என்னன்னு எழுதறது டாக்டரோட கருத்து, அது சரிதான்னு அவங்க பிடிவாதமா நின்னாலும் 37வது பிரிவு இருக்கு: நீங்க எத தப்புங்கறீங்கன்னு ஒரு குறிப்பு அந்த ரெக்கார்டோட சேர்த்தே ஆகணும், அடுத்து பைல தொறக்கறவங்க அதையும் பார்ப்பாங்க. இதுக்கும் அசையலன்னா தரவுப் பாதுகாப்பு கமிஷனருக்கு புகார் போடுங்க.

கம்பெனி விஷயம். மனநலத் தகவல் இந்தச் சட்டத்துல சென்சிட்டிவ் டேட்டா. எச்ஆர் போன் போட்டு கேட்டாங்கன்னு ஹோஸ்பிட்டல் எடுத்துக் குடுக்க முடியாது. ஆனா செக்கப் அன்னிக்கு கம்பெனி சொல்ற பேனல் கிளினிக்ல ஒரு பாரம் நீட்டுவாங்க, அவசரத்துல கையெழுத்து போட்டுடுவோம், அதுல 'எல்லா மெடிக்கல் ரெக்கார்டையும் கம்பெனிக்கு குடுக்க சம்மதம்'னு ஒரு வரி இருக்கலாம். அத படிங்க. வேலைக்கு பிட்டா இல்லையான்னு மட்டும் எழுதினா போதும்னு தைரியமா சொல்லுங்க, கேக்கறது உங்க உரிமை. நேரடியா கேள்வி கேட்டா பொய் சொல்லாதீங்க, அந்த சைக்கியாட்ரிஸ்ட் லெட்டர காட்டுங்க. இன்ஷூரன்ஸுக்கும் இதேதான், மனநோய் இருந்துச்சான்னு பாரத்துல கேட்டிருந்தா ஏஜென்ட் 'நோ போடுங்க, ஒண்ணும் ஆகாது'ம்பாரு, அப்புறம் கிளைம் பண்றப்ப இன்ஷூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சா அவரு வந்து நிக்கப் போறதில்ல.

கேள்வி: செந்தூல்ல இருந்து எழுதறேன்மா. பையனுக்கு 20 வயசு, கவர்மெண்ட் ஹோஸ்பிட்டல்ல சைக்கியாட்ரி கிளினிக் போறான். பைல்ல கஞ்சா பழக்கம்னு தப்பா போட்டிருக்காங்கன்னு சொல்றான். அப்பா நான் போய் கேட்டா காட்ட மாட்டேங்கறாங்க. பிடிபிஏன்னு சொல்லி கேக்கலாமா?

பதில்: முடியாதுங்கய்யா. அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கத்துக்கு பொருந்தாது, ஆஸ்பத்திரியும் அதுல அடக்கம். இது சட்டத்துல இருக்கற பெரிய ஓட்டை, நம்ம ஆளுங்க நிறைய பேரு கவர்மெண்ட் ஹோஸ்பிட்டலதான் நம்பி இருக்காங்க, அவங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இல்ல. ஆனா உங்ககிட்ட காட்டாதது தப்பில்லங்கய்யா. 18 தாண்டினா அவன் பெரியவன், அவன் பேசினது அவனுக்கும் டாக்டருக்கும் நடுவுல. அந்த நம்பிக்கை போச்சுன்னா அவன் அடுத்த அப்பாயின்ட்மெண்டுக்கே போகாம இருந்துடுவான்.

கேக்க வேண்டியது பையன்தான். அடுத்த தடவை போறப்ப ஸ்பெஷலிஸ்ட்கிட்ட, 'இது எங்கிருந்து வந்துச்சு டாக்டர், நான் சொல்லலையே, இன்னிக்கு தேதி போட்டு திருத்தி எழுதுங்க'ன்னு கேக்கட்டும். எழுத மாட்டேன்னா ஹோஸ்பிட்டல் டைரக்டருக்கு அவன் பேர்ல லெட்டர், அதுக்கப்புறம் சுகாதார அமைச்சோட சிஸ்பா புகார் பக்கம். கூட நீங்க போங்க, ஆனா ரூம் வாசல்ல உக்காந்துக்கங்க, அவன் கூப்பிட்டா உள்ள போங்க.