அம்மா உளறுனதை ஏன் கடைசி வரியில எழுதுனீங்க?

உப்பளத்துல வேலை பாக்குற 48 வயசு அம்மாவுக்கு வேர்க்குரு, கெண்டைக்கால் இழுப்பு, நீர்க்கடுப்பு, தலைவலின்னு ரெண்டு பக்கம் எழுதி, "கிட்னி போயிடுமா டாக்டர்"னு கேட்டுட்டு, கடைசியில போற போக்குல "போன வாரம் மத்தியானம் கொஞ்ச நேரம் சம்பந்தமில்லாம பேசுனாங்க, தண்ணி ஊத்துனதும் சரியாயிட்டாங்க"ன்னு முடிச்சிருக்கீங்க. தங்கச்சி, எனக்கு அந்த ஒரு வரிதான் லெட்டரே.

வெயில்ல வேலை பாக்குறவங்க உளறுனா, தள்ளாடுனா, கேட்டதுக்கு பதில் மாறி சொன்னா, சூடு மூளைக்கு போயிடுச்சுன்னுதான் எடுத்துக்கணும். வேர்வை நின்னாதான் ஹீட் ஸ்ட்ரோக்னு ஊரெல்லாம் சொல்றாங்க, தப்பு, உழைக்கிறவங்களுக்கு வேர்வை கொட்டிக்கிட்டே இருக்கும்போதும் வரும். அடுத்த தடவை இப்படி ஆச்சுன்னா நிழலுக்கு தூக்கிட்டுப் போய் தலையிலேர்ந்து கால் வரைக்கும் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருக்கணும், ஒருத்தர் 108-க்கு போன் போடணும். நிதானம் இல்லாதப்ப வாயில தண்ணி புகட்டாதீங்க, புரை ஏறிடும். பாராசிட்டமால் இந்த சூட்டுக்கு கேக்காது. அன்னிக்கு தண்ணி ஊத்துன அந்த அக்காவுக்கு என் சார்பா ஒரு நன்றி சொல்லிடுங்க.

கிட்னிக்கு வர்றேன். உப்பள வேலை கிட்னியை பாதிக்கும்னு நீங்க நெட்ல படிச்சது பொய் இல்ல, பாதிதான் படிச்சிருக்கீங்க. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 7 உப்பளத்துல 352 பேரை பரிசோதிச்சு 2023-ல வெளியிட்டாங்க, அதுல சுமார் 7 சதவீதம் பேருக்கு கிட்னி வடிகட்டுற திறன் குறைஞ்சிருந்தது. மிச்ச பேருக்கு குறையல. அதனால அழுதுக்கிட்டு உக்காராம ஜிஎச்-ல கிரியாட்டினின்ங்கற கிட்னி ரத்த டெஸ்டும் யூரின் டெஸ்டும் எடுத்துடுங்க, நீர்க்கடுப்புக்கும் அதுலயே விடை வரும்.

எனக்கு கோவம் வர்றது வேற விஷயத்துல. தினமும் ராத்திரி உடம்பு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுறாங்களாமே, யார் எழுதிக் குடுத்தது? தண்ணி வத்துன உடம்புல அந்த மாத்திரை கிட்னிக்கு போற ரத்தத்தையே குறைக்கும். அளத்துல கக்கூஸ் இல்லன்னு அம்மா தண்ணியே குடிக்காம அடக்கிக்கிறாங்கன்னு வேற எழுதியிருக்கீங்க, அதுக்கு அவங்களை திட்டாதீங்க, கக்கூஸ் கட்டாத முதலாளியை கேளுங்க.

"வெயில் அந்தக் காலத்துலயும் அடிச்சுது"ன்னு உங்க தாத்தா சொல்றாராம். அடிச்சுது, ஆனா இப்ப ராத்திரியும் சூடு இறங்க மாட்டேங்குது, கடலோர புழுக்கத்துல வேர்வை காயாது, ஆறாத உடம்போடதான் மறுநாள் விடியக்காலை வேலைக்கு போறாங்க. எங்களுக்கு பருவநிலை மாற்றம்னா பனிக்கரடி இல்லம்மா, ஓபி-யில வந்து நிக்கிற இந்த ஜனங்கதான். தமிழ்நாடு அரசும் 2024-ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சிருக்கு.

ஐஸ் தண்ணி குடிச்சா ரத்தக்குழாய் வெடிக்கும்ங்கற வாட்ஸ்அப்பை டெலிட் பண்ணுங்க. வேர்க்குரு பச்சத்தண்ணி குளியலுக்கும் காட்டன் துணிக்கும் அடங்கும். இழுப்புக்கு ஒரு லிட்டர் தண்ணியில ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் கலக்கி அளத்துக்கு குடுத்து விடுங்க, அரை டம்ளர்ல முழு பாக்கெட்டை கொட்டாதீங்க. பிரஷர், சுகர் இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுங்க.

உளறல் தெளிஞ்ச மறுநாளே வேலைக்கு போயிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் அனுப்பாதீங்க.