முகத்துவாரத்து மணல்மேடு: இன்னும் ஆழமாகத் தோண்டினால் நிற்குமா?

கேள்வி: ஆற்று முகத்துவாரம் வழியாகத்தான் எங்கள் படகுகள் கடலுக்குப் போக வேண்டும். வாயில் மணல்மேடு விழுந்து படகு தட்டுகிறது. தூர்வாரினாலும் அடுத்த வருஷமே மூடிக்கொள்கிறது. இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது. இன்னும் சீக்கிரம் தூர்ந்துபோகவே வாய்ப்பு அதிகம். அகலம் அப்படியே இருக்க, ஆழம் மட்டும் இரட்டிப்பானால், அதே தண்ணீர் அந்த இடத்தைப் பாதி வேகத்தில்தான் கடக்கும். வேகம் குறைந்தால் மணல் இறங்கும். மேடு விழுந்ததற்கே அதுதான் காரணம். கரைகளுக்கு நடுவே நெருங்கி ஓடிவந்த ஆறு, கடலில் இறங்கியதும் விசிறியாக விரிந்து தளர்கிறது. பருமணலை முதலில் போடும், அப்புறம் பொடிமணலை. களிமண் வெகுதூரம் போகும். உப்புநீர் பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும்.

விழுந்த மேடு சும்மா கிடப்பதில்லை. உயர்ந்துகொண்டே கடல் பக்கம் நகரும். மேட்டின் மேல் நிற்கும் தண்ணீர், ஆற்றுவாயின் ஆழத்தில் சுமார் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டால் (வாய் 5 மீட்டர் என்றால் மேட்டின் மேல் 2 மீட்டர்), வெள்ளத்துக்கு ஏறிப்போவதைவிடச் சுற்றிப்போவது சுலபம். மேடு அங்கேயே நிற்க, ஆறு இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையின் வாயிலும் மறுபடி ஒரு மேடு விழும். டெல்டாக்களில் ஆறு விரல்விரலாகப் பிரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

இது அலை அடங்கிய கடலுக்கான கணக்கு. அலை வலுத்த கரையில் கதையே வேறு. கடல்தான் மணலைக் கரையோரமாக இழுத்துவந்து வாயை அடைக்கும். ஆகவே, பணம் செலவழிக்கும் முன் அது யார் போட்ட மணல் என்று பாருங்கள். மேட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் காயவையுங்கள். சிப்பித் தூளோடு ஒரே அளவில் வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் கடல் மணல். பருமனும் பொடியுமாக, மைக்கா மினுங்க, மக்கிய இலைத் துணுக்குகளோடு இருந்தால் ஆற்று மணல். இதை மட்டும் நம்ப வேண்டாம், காலத்தையும் கவனியுங்கள். வெள்ளத்துக்குப் பின் மேடு வளர்ந்தால் ஆறு போட்டது. ஆற்றில் நீர் குறையும்போது வளர்ந்து, வெள்ளம் வந்ததும் உடைந்தால் கடல் போட்டது.

ஆறு போட்டதென்றால் ஆழத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் குறைப்பது பலன் தரும். மிசிசிப்பி ஆற்றின் தெற்குக் கிளையில் ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற பொறியாளர் இருபுறமும் தடுப்புச்சுவர் எழுப்பி நீரோட்டத்தை நெருக்கினார். 1879-க்குள் ஆறே மேட்டை அரித்து சுமார் 30 அடி ஆழத்துக்கு வழி விட்டது.

கடல் மணலுக்கு இதே மருந்தைக் கொடுத்தால் பக்கவிளைவு கடுமை. சுவரின் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கக் கரை அரித்துப்போகும். கடல் மணல் அடைக்கும் வாயில் வருஷா வருஷம் தூர்வாருவதைத் தவிர்ப்பது கஷ்டம். ஆனால் எடுத்த மணலை எங்கே கொட்டுகிறீர்கள் என்பது முக்கியம். மணல் வரும் பக்கத்தில் கொட்டினால் அதே மணலுக்கு மறுபடி கூலி கொடுப்பீர்கள். வாயைத் தாண்டி, மணல் போகும் பக்கத்துக் கரையில் கொட்டச் சொல்லுங்கள்.