செயற்கை ஜல்லி போட்டால் கான்கிரீட் வளையுமா?

கேள்வி: கண்டனூரில் எங்கள் பூர்வீக வீட்டில் இரண்டாங்கட்டின் ஒரு பக்கம் ஓடு இறங்கிவிட்டது. அந்த இடத்தில் கான்கிரீட் தளம் போடப் போகிறோம். காரைக்குடியில் ஒரு வியாபாரி, அனல் மின்நிலையச் சாம்பலில் செய்த உருண்டை ஜல்லியைக் காட்டி, "கனம் கம்மி, பலம் ஜாஸ்தி, தளம் விரிசல் விடாமல் வளைந்து கொடுக்கும்" என்கிறார். கருங்கல் ஜல்லியைவிட விலை கூடுதல். வாங்கலாமா?

பதில்: கனம் கம்மி என்பது உண்மை. கருங்கல் ஜல்லி கன மீட்டருக்குச் சுமார் 1,500 கிலோ; சுட்ட சாம்பல் உருண்டை 800, 900 கிலோதான். மற்றதை அப்படியே நம்ப வேண்டாம்.

வளையும் கான்கிரீட் நிஜமாகவே இருக்கிறது. 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ உருவாக்கியது. சாதாரண கான்கிரீட்டை இழுத்தால் 0.01 சதவீதம் நீள்வதற்குள் பிளந்துவிடும். இது 3 முதல் 5 சதவீதம் வரை தாங்கும். ஆனால் அதில் முக்கால் அங்குல ஜல்லியே கிடையாது! சிமென்ட், சாம்பல், மெல்லிய மணல், அதோடு கன அளவில் 2 சதவீதம் செயற்கை இழை. வளைவது இழையால்.

பிற்பாடு இதன் அதிக பலமுள்ள வகைகளில் செயற்கை மணிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். பலம் கூட்ட அல்ல. கலவை ரொம்பக் கெட்டியானால் ஒரே இடத்தில் பிளக்கும். சற்றே பலவீனமான மணிகள் பரவிக் கிடந்தால் விரிசல் பல இடங்களில் மயிரிழையாகப் பிரிந்துவிடும், அவ்வளவுதான். அதுவும் மணல் அளவுப் பொடி மணி. இழை இல்லாமல் உருண்டையை மட்டும் போட்டால் பலவீனம்தான் மிஞ்சும். பாதி உண்மையை வைத்து முழு விலை கேட்கிறார் உங்கள் வியாபாரி.

வீட்டுத் தளத்துக்கு வளையும் குணத்தைத் தருவது கம்பி. ஃபெ 500 என்ற ரகக் கம்பி அறுவதற்குள் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும். ஃபெ 500டி 16 சதவீதம். கூடுதல் பணத்தை அந்த 'டி'யில் போடுங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவர் பாரம் தாங்குமா என்ற கவலை இருந்தால் மட்டும் இந்த உருண்டையை யோசிக்கலாம். அப்போதும் இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 9142 இரண்டாம் பாகத்தின்படி சோதித்த சான்றிதழ் கேளுங்கள். இது தண்ணீரை நிறைய உறிஞ்சும். ஊறவைக்காமல் கலந்தால் கலவை இறுகிப்போகும். கொத்தனார் கைக்கணக்கில் போடக் கூடாது, பொறியாளர் கலவை விகிதம் எழுதித் தரட்டும். அந்தக் கலவையில் சோதனைக் கனசதுரம் வார்த்து 28ஆம் நாள் அழுத்திப் பார்த்த பிறகே தளம் போடுங்கள்.

அப்புறம், "வளைந்து கொடுக்கும்" என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கருங்கல் ஜல்லியே போதும்.