கேமராவோடு விமானம் ஏறும் முன்

தம்பி, நான்கு குறும்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்திருக்கிறேன், வெளிநாடு வந்தால் உடனே ஒளிப்பதிவாளராக வேலை கிடைக்குமா, கேமராவைக் கொண்டு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேமராவைக் கொண்டு வரலாம். உடனே ஒளிப்பதிவாளர் நாற்காலி கிடைக்காது. கொஞ்ச காலம் ஃபோகஸ் புல்லராகவோ (ஷாட் ஓடும்போது லென்ஸின் கூர்மையைச் சரிசெய்துகொண்டே இருப்பவர்) கிளாப் அடிக்கும் உதவியாளராகவோ நிற்க மனம் ஒப்பினால் வழி உண்டு. புது ஊரில் உங்கள் பழைய பெயர் யாருக்கும் தெரியாது. சரிபார்க்க முடிந்ததை மட்டும்தான் நம்புவார்கள்.

முதலில் விசா. ஒரே முதலாளிக்கென்று கொடுத்த விசாவில் பொதுவாக ஃப்ரீலான்ஸ் செய்ய முடியாது. சம்பளம் வாங்காமல் செய்தாலும் பல நாடுகளில் அது வேலைதான். ‘நண்பன் படம், சும்மா உதவி’ என்பது குடியேற்ற அதிகாரியிடம் எடுபடாது.

அடுத்து விமானம். கேமரா பேட்டரியில் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர் வரும். 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-அவர் என்றால் சுமார் 98 வாட்-அவர், பிரச்சினை இல்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உதிரி இரண்டுதான். அதற்கும் மேல் பயணியோடு ஏறாது. உதிரி பேட்டரி எதையும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். சுங்கத்தில் ‘ஏ.டி.ஏ. கார்னே எடுத்தால் வரி இல்லை’ என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தற்காலிகச் சுங்க ஆவணம் ஒரு வருடத்துக்குள் திரும்பப் போகும் பொருளுக்கு. குடியேற வருகிறவருக்கு அல்ல.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மின்சாரத்தில். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60. பழைய ட்யூப்லைட் இந்தியாவில் நொடிக்கு 100 முறை, வட அமெரிக்காவில் 120 முறை என்று துடிக்கும். நொடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டர் கோணம் 180 டிகிரி, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் பாதி நேரம் திறந்திருக்கும் என்றால் 1/50 நொடி. 50 ஹெர்ட்ஸில் ஷட்டர் திறந்திருக்கும் அந்த நேரத்துக்குள் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும். அதே செட்டிங்கை 60 ஹெர்ட்ஸில் வைத்தால் 2.4 துடிப்பு. படத்தில் மங்கலான பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். சின்ன மானிட்டரில் கண்ணுக்குப் படாது. எடிட்டில்தான் தெரியும், அங்கே அதை எடுப்பது பெரும்பாடு. அந்த ஊரில் 25க்கு 150 டிகிரி, 24க்கு 144 டிகிரி வையுங்கள்; இரண்டுமே 1/60 நொடிதான். மலிவான எல்.இ.டி. விளக்கு இந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. லொக்கேஷன் பார்க்கும்போதே பத்து நொடி எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள்.

ஃபிரேம் ரேட்டையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். 25இல் எடுத்த 90 நிமிடப் படத்தை 24இல் ஓட்டினால் 93 நிமிடம் 45 நொடி ஆகும், குரலும் கனத்துவிடும். 24ஐயும் 23.976ஐயும் குழப்பினால் ஒரு மணி நேரத்தில் ஒலி 3.6 நொடி விலகும்.

வாடகைக் கேமராவோடு ஆள் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெட்டி மட்டும்தான் வரும், கையெழுத்து உங்களுடையது. பெரும்பாலும் காப்பீட்டுச் சான்று காட்டாமல் அந்தப் பெட்டியும் வராது. ஷூட்டிங்குக்கு முந்தின நாள் போய்ச் சோதியுங்கள். கேமரா உடலில் இருக்கும் சென்சார் குறியிலிருந்து அளவு டேப் பிடித்து 2 மீட்டரில் ஃபோகஸ் சார்ட்டை நிறுத்தி, லென்ஸின் ஒளித்துளையான அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, லென்ஸ் வளையத்தை 2 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். கூர்மை அங்கேயே விழ வேண்டும். ஒரு லென்ஸ் மட்டும் தப்பினால் கோளாறு லென்ஸில். எல்லாமே ஒரே பக்கம் தப்பினால் லென்ஸைப் பூட்டும் கேமரா மவுன்ட்டில். வளையத்தில் இருப்பது அடியா மீட்டரா என்பதையும் பாருங்கள். அடிக்குப் பழகிய ஃபோகஸ் புல்லர் கையில் மீட்டர் லென்ஸைக் கொடுத்தால் நாள் முழுக்கத் தடுமாறுவார்.

வட அமெரிக்க செட்டில் விளக்கும் மின்சாரமும் விளக்குக் குழுவின் தலைவரான கேஃபர் பொறுப்பு. வெளிச்சத்தை வெட்டும் ஃபிளாக், நெட், ஸ்டாண்ட் எல்லாம் கிரிப் என்ற தனிக் குழுவின் பொறுப்பு. நீங்களே போய் விளக்கைத் திருப்பினால் சுறுசுறுப்பு என்று யாரும் பாராட்டமாட்டார்கள்.

வேலை தேடும்போது காட்டும் ஷோரீல், அதாவது உங்கள் ஷாட்களின் தொகுப்பு, 90 நொடி போதும். முதல் ஷாட்டே உங்கள் சிறந்த ஷாட்டாக இருக்கட்டும். இரண்டாம் கேமராவில் நின்றதை முதல் கேமரா மாதிரி காட்டாதீர்கள். ஒரு போன் பேசினால் தெரிந்துவிடும்.

சொந்தப் படம் எடுக்கும்போது காகிதம் முக்கியம். விநியோகஸ்தர் ஒளிப்பதிவை ரசித்துவிட்டு அடுத்து கேட்பது கதையாசிரியர் ஒப்பந்தம், நடிகர்களின் சம்மதக் கையெழுத்து, இடத்துக்கான அனுமதி. பாட்டு என்றால் இரண்டு உரிமை: இசையமைப்புக்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. பின்னணியில் ஓடும் டி.வி.யில் வரும் பாட்டும் கணக்குத்தான். படப்பிடிப்பில் அதை அணைத்துவிட்டு, வேண்டுமானால் உரிமை உள்ள சத்தத்தை மிக்ஸிங்கில் சேருங்கள்.