மகளின் பல் மருத்துவக் கனவும் 40,000 டாலர் கேள்வியும்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 23 வயது. நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவள். பல் டாக்டர் ஆவேன் என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டிலிருந்து போய் வந்து, வாரம் 20 மணி நேரம் வேலையும் பார்த்துக்கொண்டு, கல்லூரியில் பயாலஜி படித்தாள். இரண்டாம் ஆண்டில் அவள் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. அந்த செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி மைனஸ். அப்பா தேறி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் இவள் மார்க் ஏறவில்லை. கடைசி ஆண்டு பயோகெமிஸ்ட்ரியில் சி பிளஸ். சயின்ஸ் பாடங்களின் சராசரி மார்க், அதாவது சயின்ஸ் ஜிபிஏ, 4-க்கு 2.8. போன வருடம் எட்டு டென்டல் ஸ்கூல்களுக்கு விண்ணப்பித்தாள், ஒன்றிலிருந்தும் இன்டர்வியூ வரவில்லை. இப்போது ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போவது, கடை கண்ணிக்குப் போவது எல்லாம் அவள்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பட்டம் வாங்கிய பிறகு டென்டல் ஸ்கூலுக்குத் தயாராகப் போஸ்ட்-பாக் என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறதாம். ஓரிடத்தில் 40,000 டாலர் கேட்கிறார்கள், பணம் கட்டும் கடைசி நாளும் நெருங்குகிறது. வீட்டின் மேல் கடன் வாங்கிக் கட்டிவிடலாமா? இல்லை, பிரின் மார் கல்லூரிக்கு முயலலாமா? என் அண்ணனோ, "சென்னைக்கு அனுப்பு, பி.டி.எஸ். முடித்துவிட்டு வரட்டும்" என்கிறார். அவள் விண்ணப்பத்தில் பாதியை நானே நிரப்பிவிட்டேன். வழி சொல்லுங்கள்.
— ஒரு அம்மா, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த மதிப்பெண் பட்டியலை வரி வரியாக இரண்டு முறை பார்த்தேன். பணம் கட்டும் கடைசி நாள் நெருங்குகிறது என்று எழுதியிருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த 40,000 டாலரைக் கட்ட வேண்டாம். போஸ்ட்-பாக் அவளுக்குத் தேவைதான். ஆனால் அந்தப் போஸ்ட்-பாக் அல்ல, இந்த அவசரத்திலும் அல்ல.

அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் கணக்கு இடிக்கிறது. இந்தியாவில் பி.டி.எஸ். சேர நீட் எழுத வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதில் விலக்கு இல்லை. பயிற்சி ஆண்டோடு சேர்த்து ஐந்து வருடம். திரும்பி வந்தால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலான மாநிலங்களில் நேராகத் தொழில் செய்ய முடியாது. தேசியத் தேர்வு எழுதி, வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கான இரண்டு மூன்று வருடப் படிப்பில் இங்கே இடம் பிடிக்க வேண்டும். அந்த இடத்துக்குப் போட்டியும் கடுமை, கட்டணமும் கடுமை. ஊரிலேயே படித்து முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவர்கள் இந்த வழியில் போவதில் நியாயம் இருக்கிறது. இங்கே பட்டம் வாங்கிய பெண் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இனி போஸ்ட்-பாக். ஒரே பெயரில் மூன்று விதமான படிப்புகள் இருக்கின்றன. அங்கேதான் பல குடும்பங்கள் குழம்புகின்றன. முதல் வகை, வரலாறோ கணக்கியலோ படித்துவிட்டு, பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் தொட்டே பார்க்காமல், பிறகு மனம் மாறி வருகிறவர்களுக்கானது. நீங்கள் கேட்ட பென்சில்வேனியாவின் பிரின் மார் கல்லூரித் திட்டம் இந்த வகை. மிக நல்ல இடம். ஆனால் சயின்ஸ் பாடங்களை ஏற்கெனவே படித்து முடித்தவளுக்காக வைத்த இடம் அல்ல அது. இரண்டாம் வகை, படித்திருந்தும் மார்க் குறைந்தவர்களுக்கானது. உங்கள் மகளுக்குப் பொருந்துவது இதுதான். இளநிலை அளவிலேயே உயர்நிலை சயின்ஸ் பாடங்களை எடுத்து, தன்னால் முடியும் என்று காட்டுவது. மூன்றாம் வகை, ஒரு வருட, இரண்டு வருட முதுநிலைப் படிப்புகள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வாய்ச் சுகாதார அறிவியல் என்றே ஒரு எம்.எஸ். இருக்கிறது. ரட்கர்ஸில் பயோமெடிக்கல் சயின்ஸில் ஒரு முதுநிலைப் பட்டம் இருக்கிறது.

உங்களிடம் 40,000 கேட்டது மூன்றாம் வகை. அதை நான் ஏன் முதலில் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? பல் மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்ப முறையான ஆட்சாஸ், முதுநிலை மார்க்கைத் தனியாகக் கணக்கிடுகிறது. அங்கே அவள் 4.0 வாங்கினாலும் இளநிலையில் இருக்கும் அந்த 2.8 அசையாது. இளநிலை அளவிலான போஸ்ட்-பாக் பாடங்களோ அதே இளநிலைக் கணக்கில் சேரும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு பாடத்தை மறுபடி எடுத்தால் பழைய மார்க் மறைந்துவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கல்லூரி மறைக்கலாம், ஆட்சாஸ் மறைக்காது. இரண்டையும் சேர்த்துத்தான் சராசரி போடும்.

ஒவ்வொரு பாடத்தின் அளவையும் கல்லூரிகள் கிரெடிட் என்று எண்ணுகின்றன; உங்கள் மகளின் பட்டியலில் சயின்ஸ் பாடங்கள் 60 கிரெடிட் வருகின்றன. இன்னும் 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்கினாலும் 2.8 என்பது 3.2 ஆகும், அவ்வளவுதான். டென்டல் ஸ்கூலில் சேருகிறவர்களின் சராசரி 3.6ஐ ஒட்டி இருக்கிறது. இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். தேர்வுக் குழுவினர் பார்ப்பது ஒற்றை எண்ணை மட்டும் அல்ல. கடைசி 30 கிரெடிட்டைத் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். ஆட்சாஸும் போஸ்ட்-பாக் மார்க்கைத் தனி வரியில் காட்டும். அந்த வரியில் ஏ-க்கள் நிரம்பியிருந்தால் பேச்சு மாறும். பி-க்கள் கலந்திருந்தால் ஒரு வருடமும் பணமும் வீண். அரைமனதோடு செய்யக்கூடாத படிப்பு இது.

அதனால்தான் அந்த மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத செமஸ்டரில் சி மைனஸ் வந்தது எவருக்கும் புரியும். அதற்கு அடுத்த நான்கு செமஸ்டர்கள்தான் எனக்குக் கவலை. இடையில் ஒரு ஏ மைனஸ் வருகிறது, கோடை விடுமுறையில் எடுத்த மைக்ரோபயாலஜி. மற்றதெல்லாம் பி மைனஸ், சி பிளஸ். கல்லூரிகளில் மருத்துவம், பல் மருத்துவம் நோக்கிப் போகும் மாணவர்களுக்கு வழிகாட்டுவதே பல வருடமாக என் வேலை. இந்த மாதிரிப் பட்டியல்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. ஒரே ஒரு பாடம் மட்டும் எடுக்கும்போது ஏ, நான்கு எடுக்கும்போது சி என்றால், மூளையில் குறையில்லை, நேரத்தில்தான் குறை. வீட்டிலிருந்து போய் வந்து படித்தாள், வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்தாள், அப்பாவை அழைத்துப் போனாள். நெருக்கடி முடிந்துவிட்டது என்று வீடு நினைத்தது. அவளுக்கு அது முடியவே இல்லை.

இதைச் சரி செய்யாமல் எந்தப் படிப்பில் சேர்த்தாலும் அதே பட்டியல்தான் மறுபடி வரும்.

என் யோசனை இது. ரட்கர்ஸின் நியூ பிரன்ஸ்விக் வளாகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டத்துக்காக அல்லாமல் பாடங்களை மட்டும் எடுக்கும் மாணவியாக அங்கேயோ, அதுபோன்ற வேறு நான்கு வருடக் கல்லூரியிலோ அவள் சேரலாம். இப்படித் தானே கோத்துக்கொள்ளும் போஸ்ட்-பாக்கையும் பள்ளிகள் மதிக்கின்றன. மாநிலவாசிக் கட்டணத்தில் 30 கிரெடிட், நீங்கள் சொன்ன தொகையில் பெரும்பாலும் பாதிக்குள் அடங்கிவிடும். சமுதாயக் கல்லூரி இன்னும் மலிவுதான். ஆனால் சில டென்டல் ஸ்கூல்கள் அங்கே எடுத்த சயின்ஸ் பாடங்களை ஏற்பதில்லை, அதனால் இவள் நிலையில் வேண்டாம். ஆர்கானிக் சி மைனஸை மட்டும் மறுபடி எடுக்கட்டும். சி-க்குக் கீழே இருந்தால் பல பள்ளிகள் அந்தப் பாடத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. மற்றவை புதிய பாடங்களாக இருக்கட்டும்: மனித உடலியங்கியல், செல் பயாலஜி, இம்யூனாலஜி, ஹிஸ்டாலஜி. டென்டல் ஸ்கூல் முதலாண்டில் இவைதான் அவளை வரவேற்கப் போகின்றன. செப்டம்பரில் மூன்று பாடம், ஜனவரியில் முழுச் சுமையாக 15 கிரெடிட். முழுச் சுமையில் ஒரு செமஸ்டராவது நன்றாகச் செய்து காட்டாவிட்டால், எங்கள் வேகத்துக்கு இவள் ஈடு கொடுப்பாளா என்ற சந்தேகம் பள்ளிகளுக்குப் போகாது.

டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான டி.ஏ.டி. பற்றி நீங்கள் எழுதவில்லை. 2025 மார்ச் முதல் அதன் மதிப்பெண் அளவே மாறிவிட்டது: முன்பு 1 முதல் 30, இப்போது 200 முதல் 600. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் சேர்த்து 90 நிமிடத்தில் 100 கேள்வி. அதோடு 60 நிமிடத்தில் 90 கேள்விகளாக இடம் சார்ந்த பார்வையைச் சோதிக்கும் பகுதி. மடித்த காகிதத்தில் துளை போட்டு, விரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும் என்பது போன்ற கேள்விகள். தினம் அரை மணி நேரம் பழகினால் கைக்கு வந்துவிடும், கடைசி மாதத்தில் உட்கார்ந்தால் வராது. ஆர்கானிக்கை மறுபடி படித்து முடித்த கையோடு குளிர்கால விடுமுறையில் தொடங்கி மே மாதம் எழுதுவது நல்லது.

இந்த ஜூனில் மறுபடி விண்ணப்பிக்க விடாதீர்கள். முன்பு விண்ணப்பித்தவரா என்று படிவத்திலேயே கேட்பார்கள். அதே எண்களோடு திரும்ப வந்து நிற்பதில் பயனில்லை. அடுத்த ஜூன் தொடக்கத்தில், படிவம் சமர்ப்பிக்கும் முதல் வாரத்திலேயே அனுப்பட்டும். வந்த வரிசையில் பார்த்துக்கொண்டே போகிற முறை என்பதால் செப்டம்பரில் அனுப்புவது பாதி வண்டி கிளம்பிய பிறகு ஏறுவது போல. டிசம்பரிலிருந்து இடங்கள் கொடுக்கத் தொடங்குவார்கள். நியூ ஜெர்சியில் இருப்பது ஒரே ஒரு பள்ளி, நியூவார்க்கில் உள்ள ரட்கர்ஸ். அதோடு நிற்காமல் நாடு முழுக்க இருக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் எவை போஸ்ட்-பாக் மாணவர்களை வெளிப்படையாக வரவேற்கின்றன என்று அவளே எழுதிக் கேட்கட்டும்.

வரவேற்பு மேசையில் இருப்பதைக் குறைவாக எண்ண வேண்டாம். பத்தடி தள்ளி, டாக்டர் பல் பார்க்கும் நாற்காலி இருக்கிறது. வாரம் ஒரு நாள் உள்ளே நின்று பார்க்கலாமா என்று அந்த டாக்டரிடம் கேட்கட்டும். 100 மணி நேரம் என்பது பலரும் சொல்லும் அளவு. அதில் கொஞ்சம், காப்பீடு இல்லாதவர்களுக்கான பொதுநலக் கிளினிக்கிலும் இருந்தால் நல்லது. தன்னைப் பற்றிய கட்டுரைக்கு இடைவெளி உட்பட 4,500 எழுத்துகள்தான் இடம். அப்பாவின் நோய் அதில் இரண்டு வரி. மிச்சமெல்லாம் அந்த நாற்காலிக்கு அருகே அவள் கண்டது.

வீட்டின் மேல் கடன் பற்றி. பல் மருத்துவம் படித்துக் கடனோடு வெளியே வருகிறவர்களின் சராசரிக் கடனே சுமார் 3 லட்சம் டாலர். 2025ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1க்குப் பிறகு புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, செலவு முழுவதையும் ஈடுகட்டிய பழைய அரசுக் கடன் திட்டம் கிடையாது. தொழிற்படிப்புக்கு வருடம் 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர்தான் வரம்பு. தனியார் பள்ளிகள் பலவற்றின் நான்கு வருடச் செலவு அதைத் தாண்டிவிடும். வீட்டின் மேல் வாங்கக்கூடிய அந்தக் கடனுக்கு உண்மையான தேவை வரப்போவது அப்போதுதான். இப்போதே செலவழித்துவிடாதீர்கள்.

போஸ்ட்-பாக் முடிந்து மார்க் நன்றாக வந்தும் இடம் கிடைக்கவில்லை என்றால், அப்போது முதுநிலைப் படிப்பை யோசிக்கலாம். சேருவதற்கு முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: போன வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் டென்டல் ஸ்கூலுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? "முடித்தவர்களில் 90 சதவீதம்" என்று சொன்னால், பாதியில் நின்றவர்களைக் கழித்துவிட்டார்களா என்று கேளுங்கள். மெடிக்கல் ஸ்கூலுக்குப் போனவர்களையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இத்தனையையும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் செய்ய வேண்டியவள் அவள். கடிதத்தின் முடிவில், அந்த விண்ணப்பத்தைப் பாதி நீங்களே நிரப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவளுக்கு வலிக்கக்கூடாது என்றுதான் செய்தீர்கள், தெரிகிறது. அதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுங்கள். படிக்கும் வருடத்தில் அவளை விருந்துகளுக்கு வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

உங்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. செப்டம்பருக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் கார் ஓட்டிப் பழகுவதற்கான பர்மிட் வாங்கிய பிறகு, லைசென்ஸ் தேர்வுக்கு முன் மூன்று மாதமாவது ஓட்டிப் பழக வேண்டும். இந்த வாரமே பர்மிட்டுக்கு எழுதுங்கள். வகுப்பு தொடங்கும் அன்று காலை, உங்கள் கணவருடைய டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கள்.