ரிஞ்சானி எரிமலை ஏற்றம்: கைடு கூட வருகிறார், நாம் எதற்குத் தயாராக வேண்டும்?

கேள்வி: ஆகஸ்டில் நானும் கணவரும் இந்தோனேசியாவின் லோம்போக் தீவுக்குப் போகிறோம். ரிஞ்சானி எரிமலைக்கு 2 நாள், 1 இரவு பேக்கேஜ் பார்த்திருக்கிறோம். கைடு, போர்ட்டர், கூடாரம், சாப்பாடு எல்லாம் அவர்களே. எனக்கு 38, அவருக்கு 43. நான் வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன். அவருக்குப் படி இறங்கினால் முழங்கால் வலிக்கும். இரண்டு பேரும் சைவம். எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்ளும்போது நாங்கள் தனியாக என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உயரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். விளம்பரத்தில் "2 நாள், 1 இரவு" என்று போடுவார்களே தவிர, எந்த நாளில் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். செம்பாலூன் என்ற அடிவார ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறினால் சுமார் 1,150 மீட்டரில் தொடங்குகிறீர்கள். முதல் நாள் மாலை எரிமலை வாயின் விளிம்பில் 2,639 மீட்டரில் முகாம். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம், சிரமம்தான், ஆனாலும் பகல் வெளிச்சத்தில், நடுவில் சமைத்துக் கொடுக்கும் சாப்பாட்டோடு, மெதுவாகப் போய்விடலாம். இரண்டாம் நாள்தான் ஆளைப் புரட்டிப் போடும். இரவு 2 மணிக்கு எழுப்புவார்கள். 3,726 மீட்டர் உச்சிக்கு இன்னும் 1,100 மீட்டர் இருட்டில் ஏற வேண்டும், சூரியோதயம் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பி, ஏதோ சாப்பிட்டு, அன்றைக்கே அடிவாரம் வரை இறங்க வேண்டும். ஒரே நாளில் 2,500 மீட்டருக்கு மேல் இறக்கம், அதுவும் சரியாகத் தூங்காத உடம்போடு.

அதனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வெள்ளியங்கிரி இல்லை, கணவரின் முழங்கால்தான். வெள்ளியங்கிரி நல்ல அனுபவம், இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் நடந்த பழக்கம் கட்டாயம் உதவும். ஆனால் அது 2,000 மீட்டரைத் தொடாத மலை, உயரம் உங்கள் உடம்பை என்ன செய்யும் என்பது அங்கே தெரிந்திருக்காது.

முழங்கால் வலிக்கு இப்போதே ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். பிரச்சினை இல்லை என்று அவர் சொன்னால் பயிற்சியைத் தொடங்கலாம், குறைந்தது 6 வாரம், 8 வாரம் கிடைத்தால் நல்லது. அபார்ட்மென்ட் படிக்கட்டே போதும். பெரும்பாலானவர்கள் படியேறி மூச்சு வாங்கிவிட்டு லிஃப்டில் இறங்கிவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். தொடைத் தசை பழக வேண்டியதே இறக்கத்துக்குத்தான். முதுகில் 5 கிலோ பையோடு, எந்த ஷூவில் மலை ஏறப்போகிறீர்களோ அதே ஷூவில், ஏறி இறங்கி ஏறி இறங்கி, வாரம் மூன்று நாள். வார இறுதியில் ஒரு நாள் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து நடங்கள், மறுநாளும் கொஞ்சம் நடந்து பாருங்கள், வலித்த காலோடு நடப்பது எப்படி என்று அப்போதுதான் தெரியும். இரண்டு ஊன்றுகோல்கள் இருந்தால் முழங்காலுக்குப் பெரிய ஆறுதல், அதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சிரிக்காதீர்கள், 2,500 மீட்டர் இறக்கத்தில் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துப்போனவர்கள் நிறைய.

அப்படியும் வலி குறையவில்லையா? விளிம்பு முகாம் வரை மட்டும் போய் வரும் பேக்கேஜ்கள் இருக்கின்றன. செகாரா அனாக் ஏரியும் அதன் நடுவே முளைத்திருக்கும் பாருஜாரி என்ற குட்டி எரிமலையும் விளிம்பிலிருந்தே அழகாகத் தெரியும். 1257இல் சமலாஸ் என்ற பெரிய எரிமலை வெடித்துச் சரிந்ததில் உண்டான பள்ளம் அது, உலகத் தட்பவெப்பத்தையே ஆட்டிவைத்த வெடிப்பு. அதைக் கூடார வாசலில் உட்கார்ந்து பார்ப்பதற்கே அங்கே போகலாம் என்பது என் கட்சி. உச்சி ஏறாவிட்டால் போனதே வீண் என்பதெல்லாம் போட்டோ போடுகிறவர்கள் கிளப்பிவிட்டது.

நாள் கூடினால் சுலபம் என்று 3 நாள், 2 இரவு பேக்கேஜுக்கு மாறுவதற்கு முன்னால் அதன் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பலவற்றில் இரண்டாம் நாளே உச்சி, பிறகு 2,000 மீட்டரில் உள்ள ஏரிக்கு இறக்கம், உடனே செனாரு என்ற இன்னொரு அடிவார ஊர்ப் பக்கமுள்ள விளிம்புக்கு மறுபடி ஏற்றம் என்று திணித்திருப்பார்கள். அது நீங்கள் பார்த்திருப்பதைவிடக் கடினம். இரண்டாம் இரவு ஏரிக்கரையிலோ அதே விளிம்பு முகாமிலோ தங்குவதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குளிர். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் தீவுதானே என்று ஒரு ஸ்வெட்டரோடு போகிறவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும், கணக்குப் போட்டால் விடிகாலையில் உச்சியில் சுழியத்தை ஒட்டி வரும், ஆகஸ்ட் காற்று அதற்கு மேல். பிரச்சினை நடக்கும்போது இல்லை. வியர்க்க வியர்க்க ஏறி, 5 மணிக்கே உச்சிக்குப் போய், ஈர பனியனோடு ஒரு மணி நேரம் சூரியனுக்காகக் காத்திருப்பீர்கள் பாருங்கள், அப்போதுதான் நடுங்கும். பருத்தித் துணி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், இவற்றை ஏறும்போது கழற்றி, நிற்கும்போது உடனே போட வேண்டும். காதை மூடும் குல்லா, கையுறை, கூடாரத்துக்கு மட்டும் என்று தனியாக ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ். உச்சிக்கு ரொம்ப முன்னாலேயே போய்ச் சேராத மாதிரி மெதுவாக நடத்திக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

உச்சிக்கு முந்தைய கடைசிப் பகுதி முழுக்கப் பொடிக்கல்லும் சாம்பலும். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, கல் உள்ளே போகாமல் தடுக்கும் கெய்ட்டர், தூசிக்கு மூக்கை மூட ஒரு துணி. தலையில் கட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, புது பேட்டரியோடு, போன் டார்ச் கணக்கில் வராது. பவர்பேங்கும் போனும் குளிரில் சீக்கிரம் சார்ஜ் இழக்கும் என்பதால் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள்.

இனி, கைடு. "கைடு கூட வருகிறாரே" என்ற நம்பிக்கையில்தான் எனக்குப் பயம். 2025 ஜூனில் ஒரு பிரேசில் பயணி கைடோடு போன குழுவில்தான் இருந்தார். களைத்துப்போய்ப் பின்தங்கினார், மற்றவர்கள் முன்னால் போனார்கள், இருட்டில் சரிவில் விழுந்தார். உடலை மேலே கொண்டுவரவே பல நாள் ஆனது. ஆகவே பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: உச்சி ஏறும் இரவில் எத்தனை பேருக்கு எத்தனை கைடு? ஒருவரால் முடியவில்லை என்றால் அவரோடு முகாமுக்கு இறங்கப்போவது யார், அப்போது மற்றவர்களோடு யார் இருப்பார்? ஒரே ஒரு கைடு என்றால் இதற்குப் பதிலே கிடையாது, வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் இருவருக்கு மட்டும் தனி கைடு என்றால் கூடுதல் செலவாகும், முழங்கால் விஷயம் இருப்பதால் நான் அதைத்தான் சொல்வேன். அப்புறம், திரும்பும் நேரம் ஒன்றை முதல் நாளே மூன்று பேரும் பேசி வையுங்கள். உதாரணமாக, காலை 7 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்று. மேலே போன பிறகு யோசித்தால் மனசு "இன்னும் கொஞ்சம்தானே" என்றுதான் சொல்லும். கணவன் மனைவிக்குள்ளும் ஒரு ஒப்பந்தம் வேண்டும்: ஒருவர் நின்றால் இன்னொருவர் போவாரா மாட்டாரா என்று.

உயரத்தைப் பொறுத்தவரை, 2,500 மீட்டருக்கு மேல் தூங்குகிறவர்களில் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். லேசாக இருந்தால் ஓய்வு, தண்ணீர், சாப்பாடு, உச்சிக்குப் போகலாமா என்பதை 2 மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம். வாந்தி நிற்கவில்லை, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் விடியும் வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும், கைடு என்ன சொன்னாலும். உயரத் தொல்லைக்குக் கொடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அவசியம் சொல்லுங்கள். மலையில் தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது.

சைவம் என்றால் கவலை இல்லை, டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியும் டோஃபுவும் சோறும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியிலும் ஃப்ரைட் ரைஸிலும் தெராசி என்ற இறால் விழுது சேர்ப்பார்கள், "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அது நிற்காது, தெராசியும் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஓஆர்எஸ் பொட்டலம் கையோடு இருக்கட்டும். இரவில் பசி இருக்காது, கொறித்துக்கொண்டே போனால்தான் கால் நகரும். தின்பண்டத்தைக் கூடாரத்துக்கு வெளியே வைக்காதீர்கள், விளிம்பில் குரங்குகள் கைதேர்ந்தவை. கழிப்பறை என்பது குழி தோண்டி மேலே போட்ட சின்னக் கூடாரம்தான், டிஷ்யூவும் அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் கழியில் கூடையைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கிவருகிற போர்ட்டர்கள் சாசாக் இனத்து உள்ளூர்க்காரர்கள், பலர் செருப்பிலேயே ஏறுவார்கள். அவர்களுக்கு டிப்ஸ் என்று ரூபியாவைத் தனியாக எடுத்து வையுங்கள், மேலே ஏடிஎம் கிடையாது.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரை மலையேற்றத்துக்குச் செல்லும் என்று படியுங்கள், பல பாலிசிகளில் வரம்பு உண்டு, 3,726 அதற்குள் வர வேண்டும். கிளம்பும் வாரத்தில் இந்தோனேசிய அரசின் மக்மா செயலியில் எரிமலையின் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள், 1 முதல் 4 வரை போட்டிருப்பார்கள். மலை இருக்கும் தேசியப் பூங்கா திடீரென்று மூடப்படுவதும் நடக்கும், அப்போது பணம் திரும்புமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கிய அன்று இரவே விமானம் போடாதீர்கள். செம்பாலூனிலிருந்து விமான நிலையத்துக்குச் சில மணி நேரப் பயணம், கணவர் காரிலிருந்து இறங்குவதற்கே உங்கள் தோள் தேவைப்படலாம். லோம்போக்கில் இன்னொரு இரவு தங்குங்கள், மாடிப்படி இல்லாத அறையாகக் கேட்டு வாங்கி.