நூறு மீட்டர் தடை ஓட்டத்திலிருந்து நானூறுக்கு மாறலாமா?

கேள்வி: என் மகள் கல்லூரியில் முதலாண்டு. 100 மீட்டர் ஹர்டில்ஸில் மாவட்ட அளவில் ஜெயித்தவள். “400 ஹர்டில்ஸுக்கு மாற்றுங்கள், ஓட ஆளே கிடையாது. மெடல் வாங்கியதும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை” என்று ஒரு கோச் முன்பணம் கேட்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அறிவிப்பு வரும், நீங்களே விண்ணப்பிக்கலாம், டிரயல்ஸ் நடக்கும். நடுவில் ஆள் எதற்கு? வேலைக்கு முன்பணம் கேட்பவர் கோச் இல்லை, புரோக்கர்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் சாலி கன்னல் 1986 காமன்வெல்த் போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம். நடுவே ஆறு வருடம் இருப்பதைக் கவனியுங்கள்.

400-க்குப் போனால் தடையின் உயரம் 84 செ.மீ.யிலிருந்து 76 ஆகக் குறைகிறது. அதில் ஏமாறாதீர்கள். 100-இல் தடைகளுக்கு நடுவே எட்டரை மீட்டர். அதைக் கடக்க மூன்றே எட்டு (காலடி), எப்போதும் ஒரே கால்தான் முன்னால் போகும். 400-இல் இடைவெளி 35 மீட்டர். ஏழாவது தடைக்குள் களைத்து எட்டு சுருங்கும். பதினேழு எட்டு பதினெட்டானால் மற்ற கால் முன்னால் வந்து நிற்கும். அந்தக் காலாலும் தாண்டப் பழக வேண்டும்.

உங்கள் மகள் வலது காலை முன்னால் வீசுபவள் என்றால் இன்னொரு சங்கடம். வளைவில் ஓடுபவர்கள் இடது கோட்டை ஒட்டியே போவார்கள். அப்போது பின்னால் வரும் இடது கால் தடைக்கு மேலே வராமல் பக்கவாட்டில், கட்டைக்குக் கீழே போனால் தகுதி நீக்கம். அப்படிப்பட்டவள் லேனின் நடுவில் ஓட வேண்டும். தூரம் கொஞ்சம் கூடும். இடது காலை வீசுபவளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதலில் தடையில்லாமல் 400 ஓடவிட்டு நேரம் பாருங்கள். கடைசி நூறில் தவழ்கிறாள் என்றால் இந்த வருடம் வேண்டாம்.

நம் கல்லூரிகளில் பத்து தடை முழுசாக இருந்தாலே அதிசயம். அதையும் ஸ்போர்ட்ஸ் டே வரை அறையில் பூட்டி வைப்பார்கள். வெளியே எடுத்தால் முன்பக்கம் பின்பக்கமாக மாற்றி வைப்பார்கள்! அடிக்கட்டை ஓடிவருபவர் பக்கம் நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் இடித்தால் முன்னால் சாயும். மாற்றி வைத்தால் பல் போகும்.

அந்தக் கோச்சிடம் மகள் எந்தக் காலை முன்னால் வீசுகிறாள் என்று கேளுங்கள். யோசித்தாரென்றால் நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.